டிடின்ட் வென்ட், ஹேட் கான், ஈட் ஆல்ரெடி: ஆங்கில இறந்தகாலம் எங்கே வழுக்குகிறது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் வந்து துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சேஃப்டி கோஆர்டினேட்டராக இருக்கிறீர்கள். விபத்து ரிப்போர்ட்டும் இமெயிலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் இறந்தகால வினைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புகிறார். ஆனால் அதே மனிதர் கேண்டீனில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றுதான் பேசுகிறார். அப்படியானால் எது சரி, இறந்தகாலத்துக்கு மொத்தம் எத்தனை வடிவம், பட்டியலாகத் தர முடியுமா என்கிறீர்கள். கடைசியில் ‘யூஸ்ட் டு’ பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் தேடினால் எங்கும் கிடைக்கும். உங்களுக்கு அது அவ்வளவாக உதவாது என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதிக்காட்டிய வாக்கியங்களில் வென்ட், கான், டோல்ட், ஃபெல்ட் எல்லாம் இருக்கின்றன. வடிவங்கள் தெரிந்திருக்கின்றன, எந்த இடத்தில் எது உட்காரும் என்பதில்தான் தடுமாற்றம். அதுவும் கண்டபடி வருகிற தடுமாற்றம் இல்லை. சில இடங்களில் நம் தமிழே வழிகாட்டுகிறது, நாம் கவனிப்பதில்லை. சில இடங்களில் அதே தமிழ் காலை வாரிவிடுகிறது. எது எங்கே என்று தெரிந்துகொண்டால் பாதி திருத்தம் குறைந்துவிடும். நான் மொழியியல் படித்தவன் இல்லை, தமிழ் பேசும் ஊழியர்களுக்குப் பல வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறவன். தேர்வு, மதிப்பெண் விவகாரம் என் துறை இல்லை. வேலையிடத்தில் எழுதியது திரும்பி வராமல் இருக்க என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். வினைப்பகுதியில் எத்தனை சொல் இருந்தாலும் இறந்தகாலத்தின் குறி ஒரே ஒரு சொல்லில்தான் விழும், அது முதல் சொல். ‘ஐ வென்ட்’ என்றால் இருப்பதே ஒரு சொல், அதுவே காலத்தைக் காட்டுகிறது. ‘ஐ வாஸ் கோயிங்’ என்றால் வாஸ் காட்டுகிறது. ‘ஐ டிடின்ட் கோ’ என்றால் டிட் காட்டிவிட்டது, அதனால் கோ வெறும் கோவாகவே நிற்கிறது. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், தினமும் தமிழில் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை ‘போகவில்லை’. யாராவது ‘போனவில்லை’ என்பார்களா? இல்லை என்ற சொல் வந்ததும் ‘போன’ போய் ‘போக’ வந்துவிடுகிறது. டிடின்ட் வந்ததும் வென்ட் போய் கோ வருவதும் அதேதான். பார்த்தேன், பார்க்கவில்லை. சா, டிடின்ட் ஸீ. ஒரே வித்தியாசம், ‘போகவில்லை’ என்பது நேற்றைக்கா இன்றைக்கா என்று தமிழில் சூழலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்காது. டிடின்ட்டா, டோன்ட்டா, ஆம் நாட்டா என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும்.

தமிழ் காலை வாரும் முதல் இடம் கேள்வி. ‘போனீங்களா?’ என்று கேட்கும்போது வினை இறந்தகாலத்திலேயே இருக்கிறது, பின்னால் ஓர் ஆகாரம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ‘எப்ப வந்தீங்க?’ என்பதும் அப்படித்தான். அதனால் எதிர்மறையை ஒழுங்காக எழுதுகிறவர்கூட கேள்வி என்று வந்ததும் ‘டிட் யூ வென்ட்?’, ‘வென் டிட் யூ கேம்?’ என்று எழுதுவதை வகுப்பில் ஓயாமல் பார்க்கிறேன். என் யோசனை, கேள்வியை நேராக எழுதாதீர்கள். முதலில் ‘யூ டிடின்ட் கோ’ என்று எதிர்மறையாக மனதில் சொல்லிப் பாருங்கள், பிறகு ‘நாட்’ என்ற எதிர்மறைச் சொல்லை எடுத்துவிட்டு டிட்டை முன்னால் தள்ளுங்கள். ‘டிட் யூ கோ?’ கிடைத்துவிடும். ஒரு விலக்கு உண்டு. கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் டிட் வேண்டாம். ‘ஹூ டுக் தி கீ?’, ‘வாட் ஹேப்பண்ட்?’ இரண்டிலும் ஹூவும் வாட்டும்தான் எழுவாய். விபத்து விசாரணைப் படிவங்களில் ‘வாட் டிட் ஹேப்பண்ட்’ என்பது அடிக்கடி கண்ணில் படும். அது வேண்டாம்.

வடிவங்களைப் பற்றிக் கொஞ்சம். பள்ளியில் இறந்தகால இடைநிலை த், ட், ற், இன் என்று படித்திருப்பீர்கள்: செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். எந்த வினைக்கு எது என்று யாரும் நமக்குப் பட்டியல் தந்ததில்லை, காதில் விழுந்து விழுந்து வந்தது. ஆங்கிலத்திலும் ஈ-டி சேர்வதுதான் பெரும்பான்மை. ஆனால் மிக அதிகமாகப் புழங்கும் பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், ஸீ எல்லாமே அந்த விதிக்கு வெளியே நிற்பவை. ஓயாமல் வாயில் புரள்வதால்தான் அவற்றின் பழைய வடிவங்கள் அழியாமல் தப்பியிருக்கின்றன. கோவுக்கும் வென்ட்டுக்கும் ஒலியில் ஒட்டே இல்லையே என்று தோன்றினால் அது நியாயமான சந்தேகம். வென்ட் என்பது வேறொரு பழைய வினையின் இறந்தகாலம், கோ அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

இவற்றை அகரவரிசையில் படிக்காமல், ஒலியால் சேர்ந்த குடும்பங்களாகப் படித்தால் மனதில் நிற்கும். கீப் கெப்ட், ஸ்லீப் ஸ்லெப்ட், ஃபீல் ஃபெல்ட் ஒரு குடும்பம். பை பாட், பிரிங் பிராட், டீச் டாட், திங்க் தாட் இன்னொன்று. உங்கள் வேலைக்கு மிக முக்கியமானது எதுவுமே மாறாத குடும்பம்: கட், ஹிட், ஹர்ட், புட், ஷட். ‘ஹி கட் ஹிஸ் ஃபிங்கர்’ என்றால் போதும், கட்டட் என்று ஒரு சொல் கிடையாது. கட் நிகழ்காலமா இறந்தகாலமா என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நிகழ்காலமாக இருந்தால் ஹி-க்குப் பின் ‘கட்ஸ்’ என்று எஸ் வந்திருக்கும். எஸ் இல்லை என்பதே இறந்தகாலம் என்று காட்டிவிடும். அப்புறம், ஃபால் என்பதற்கு ஃபெல், ஃபாலன். ஃபீல் என்பதற்குத்தான் ஃபெல்ட். நீங்கள் எழுதிய ‘ஃபெல்ட் டவுன்’ படிக்கிறவருக்கு ‘மனசு சோர்ந்துபோனான்’ என்று படும், ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு அது பொருந்தாது.

ஈ-டி முடிவைப் பேசும்போது எட் என்று நிறுத்திச் சொல்வது நம்மவர் பழக்கம்: வாக்கெட், வாஷெட், ஆஸ்கெட். வினை டி (d) ஒலியிலோ ட் (t) ஒலியிலோ முடிந்தால்தான் அந்தக் கூடுதல் அசை வரும், வான்டட், நீடட் போல. மற்ற எல்லாவற்றிலும் அசை கூடாது: வாக்ட், வாஷ்ட், கால்ட், ஓப்பன்ட். இங்கே சிங்கப்பூரில் எதிர்ப்பக்கத்துக் கோளாறு. அந்தக் கடைசி மெய் பேச்சில் சுத்தமாக மறைந்து வாக், வாஷ் என்றே காதில் விழும். எழுத்திலும் ஈ-டி தொலைவதற்கு அது ஒரு காரணம்.

இனி ஹேவும் ஹேடும். உங்கள் திருத்தங்களில் முக்கால்வாசி இங்கேதான். ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் எழுதினீர்கள் என்பது நன்றாகவே புரிகிறது. ‘நேற்றே ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன்’ என்பது குறையே இல்லாத தமிழ். ‘இருக்கிறேன்’ நிகழ்காலத்தில் இருந்தாலும் நேற்றுடன் சண்டை போடுவதில்லை. ஆங்கில ஹேவ் சண்டை போடும். ஹேவ் வந்தால் பேசுகிறவர் இப்போது என்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார் என்று அர்த்தம். முடிந்துபோன ஒரு நேரத்தை, அதாவது யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, அட் நைன் திஸ் மார்னிங் போன்ற ஒன்றை, அதன்கூட வைக்க முடியாது. ‘ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்’, சரி. ‘ஐ சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே’, அதுவும் சரி. இரண்டையும் கலந்தால்தான் மேனேஜரின் பேனா இறங்கும். டுடே, திஸ் வீக் போன்றவை இன்னும் முடியாத நேரங்கள் என்பதால் இரண்டு வடிவத்தோடும் ஒத்துப்போகும்.

இதன் மறுபக்கம் இன்னும் விலை உயர்ந்த தப்பு. ‘2021லிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்துக்கு அங்கே ஹேவ் வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’. சிலர் பயந்துகொண்டு ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எளிய இறந்தகாலத்தில் போட்டுவிடுவார்கள். இலக்கணம் சரி, பொருள் கவிழ்ந்துவிட்டது. மூன்று வருடம் வேலை செய்து விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று படிக்கப்படும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் இது வந்தால் எதிரே இருப்பவர் குழம்புவார்.

ஹேட் இன்னொரு கதை. ‘நேத்து முஸ்தஃபா கடைக்குப் போயிருந்தேன்’ என்று நாம் பேச்சைத் தொடங்குவோம். அதில் ஒரு சுகம் உண்டு, ஏதோ சொல்லப்போகிறார் என்று கேட்கிறவர் காதைக் கொடுப்பார். அதையே ‘ஐ ஹேட் கான் டு முஸ்தஃபா யெஸ்டர்டே’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், எதற்கு முன்பு என்று எதிராளி காத்திருப்பார். ஹேட் தனியாக நிற்காது. கடந்துபோன இன்னொரு சம்பவம் பக்கத்தில் இருந்து, அதற்கும் முன்னால் நடந்தது இது என்று காட்டத்தான் அது. அப்படி ஒன்று இல்லையென்றால் ‘ஐ வென்ட்’ போதும். பிஃபோர், ஆஃப்டர் போன்ற சொற்கள் வரிசையைச் சொல்லிவிடும் இடத்திலும் பெரும்பாலும் ஹேட் இல்லாமலே ஓட்டிவிடலாம்: ‘தி லாரி லெஃப்ட் பிஃபோர் வி கேம் டவுன்’. நான் வகுப்பில் சொல்வது, ஹேட் எழுதக் கை போனால் நிறுத்தி, ‘எதற்கு முன்பு?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துப் பார்ப்போம். நீங்கள் எழுதியது: ‘யெஸ்டர்டே மார்னிங் ஒன் வொர்க்கர் ஹேட் ஃபெல்ட் டவுன் ஃப்ரம் லேடர். ஹி டிடின்ட் வோர் ஹார்னஸ். சூப்பர்வைசர் ஆல்ரெடி டெல் ஹிம் இன் டூல்பாக்ஸ் மீட்டிங்.’ முதல் வாக்கியத்தில் விழுந்ததற்குப் பின்னால் வேறு சம்பவம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே ஹேட் தேவையில்லை, ‘ஃபெல்’ போதும். இரண்டாவதில் டிட் வந்துவிட்டதால் வோர் மறுபடி வேர் ஆக வேண்டும். ஆனால் ‘டிடின்ட் வேர்’ என்று மாற்றினாலும் முழுத் திருப்தி இல்லை. விழுந்த அந்த நேரத்தில் ஹார்னஸ், அதாவது பாதுகாப்புப் பட்டை, உடம்பில் இல்லை என்பதுதானே நீங்கள் சொல்ல வருவது? அதற்கு ‘ஹி வாஸ் நாட் வேரிங் எ ஹார்னஸ்’. தமிழிலும் ‘போடவில்லை’ என்பதற்கும் ‘போட்டிருக்கவில்லை’ என்பதற்கும் இதே இடைவெளி இருக்கிறது. கவனியுங்கள், இங்கே ‘போட்டிருந்தான்’ என்ற தமிழுக்கு ‘வாஸ் வேரிங்’ வருகிறது, ஹேட் வரவில்லை. ‘இருந்தான்’ என்று முடிவதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஹேடாக மாற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மூன்றாவது வாக்கியத்தில்தான் வேடிக்கை. ஹேட் உண்மையிலேயே தேவைப்படும் ஒரே இடம் அது, அங்கே அதைப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். சூப்பர்வைசர் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில், சொன்னது விழுவதற்கு முன்பு. ‘தி சூப்பர்வைசர் ஹேட் டோல்ட் ஹிம் டு வேர் ஒன் அட் தி டூல்பாக்ஸ் மீட்டிங்.’ விசாரணையில் முன்பு சொன்னாரா பின்பு சொன்னாரா என்பதுதான் கேள்வியே. அந்த ஹேட் இல்லையென்றால் சூப்பர்வைசர் பாடு திண்டாட்டம்.

அந்த மூன்றாவது வாக்கியத்தில் ‘ஆல்ரெடி டெல்’ வந்தது உங்கள் தமிழிலிருந்து இல்லை, சிங்கப்பூரிலிருந்து. மாண்டரின், ஹாக்கியன் என்ற சீன மொழிகள், மலாய் ஆகிய மூன்றிலும் வினை காலத்துக்காக உருவம் மாறுவதில்லை. முடிந்தது என்று காட்டத் தனிச் சொல் உண்டு. மலாயில் ‘சுடா மாக்கான்’ என்பார்கள், நம் ‘சாப்பிட்டாச்சு’. ‘ஈட் ஆல்ரெடி’யில் ஆல்ரெடி செய்யும் வேலை அந்த ‘ஆச்சு’வின் வேலை. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். இந்த ஆல்ரெடி சீன வழக்கிலிருந்து வந்ததா, மலாய் சுடாவிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. இரண்டும் ஒரே திசையில் தள்ளியிருக்கும் என்பது என் ஊகம். உங்கள் மேனேஜர் இரட்டை வேடம் போடவில்லை. கேண்டீனில் ஓர் ஆங்கிலம், ரிப்போர்ட்டில் இன்னோர் ஆங்கிலம் என்று இந்த ஊரில் பிறந்தவர்கள் யோசிக்காமலே மாறிக்கொள்வார்கள். அரசாங்கம் 2000ஆம் ஆண்டு நல்ல ஆங்கிலம் பேசுவதற்கென்று ஓர் இயக்கமே தொடங்கியது. அதற்கு அப்புறமும் காப்பிக்கடையில் ஆல்ரெடி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்களும் கேண்டீனில் தாராளமாக அப்படியே பேசுங்கள், அங்கே ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எழுத்தில் மட்டும் ஆல்ரெடியை நம்பி வினையை மாற்றாமல் விடாதீர்கள். ‘லாஸ்ட் டைம்’ விஷயத்திலும் இதே எச்சரிக்கை. இங்கே ‘லாஸ்ட் டைம் ஐ ஸ்டே தோ பாயோ’ என்றால் ‘முன்பெல்லாம் தோ பாயோ வட்டாரத்தில் இருந்தேன்’ என்று பொருள். வெளியூர்க்காரர் ‘போன தடவை’ என்று படிப்பார். ‘லாஸ்ட் டைம் தி வால்வ் லீக்’ என்று எழுதினால் ஒரு தடவை கசிந்ததா, பழையபடி கசிந்துகொண்டே இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. தேதியைப் போட்டு ‘லீக்ட்’ என்று எழுதிவிடுங்கள்.

இறந்தகால வடிவம் வந்தாலே இறந்தகாலம் என்று எண்ண வேண்டாம். தமிழிலேயே அது பொய். ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்கிறோம், பெய்த என்ற இறந்தகால அடியில்தான் ஆல் சேர்கிறது. தோபி காட் ஸ்டேஷனில் ரயிலுக்குள் நின்றுகொண்டே, லிட்டில் இந்தியாவில் தேக்காவில் காத்திருப்பவரிடம் போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்போம். ஆங்கிலத்தில் அங்கே ‘ஐ கேம்’ என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு ‘ஐம் கமிங்’. மழை விஷயத்திலும் ஆங்கிலம் நிகழ்காலம்தான் கேட்கும், ‘இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ’. ஆனால் நடக்காத கற்பனைக்கு அது இறந்தகாலத்துக்குத் தாவும்: ‘இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ் டு துவாஸ்’. கார் இல்லை, அதனால் ஹேட். இமெயிலில் பணிவுக்கும் இதே தந்திரம். ‘ஐ வான்ட் டு ஆஸ்க்’ அதட்டலாக ஒலிக்கும், ‘ஐ வான்டட் டு ஆஸ்க்’ பதமாக இருக்கும். கேட்பது என்னவோ இப்போதுதான். கேன் யூ, குட் யூ வித்தியாசமும் அப்படித்தான்.

இன்னொருவர் சொன்னதை எழுதும்போது தமிழ் அவர் வாயிலிருந்து வந்த காலத்தை அப்படியே வைத்துக்கொள்ளும்: ‘தலை சுற்றுகிறது என்றான்’. ஆங்கிலத்தில் செட் வந்ததும் உள்ளே இருப்பதும் பின்னுக்குப் போகும்: ‘ஹி செட் ஹி ஃபெல்ட் டிஸ்ஸி’. ஃபெல்ட்டுக்கு இதுதான் சரியான இடம். இப்போதும் உண்மையாக இருக்கிற விஷயத்தைச் சொல்லும்போது நிகழ்காலத்தையே விட்டுவைப்பவர்களும் உண்டு, அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. இதுபோல இரண்டுமே செல்லும் இடங்கள் இன்னும் சில இருக்கின்றன. லேர்ன்ட் என்பதைக் கடைசியில் டீ (t) போட்டும் எழுதுகிறார்கள், ஈ-டி (ed) போட்டும் எழுதுகிறார்கள். ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ பிரிட்டிஷ் வழக்கம், ‘ஐ ஜஸ்ட் ஏட்’ அமெரிக்கர் பேச்சில் சாதாரணம். இதற்கெல்லாம் யாராவது சிவப்புக் கோடு போட்டால் அவர்கள் பழக்கத்தைக் கேட்டு அதன்படியே எழுதிவிடுங்கள், வாதம் செய்து பயனில்லை.

‘யூஸ்ட் டு’ என்பது முன்பு வழக்கமாக இருந்து இப்போது இல்லாததற்கு மட்டும். ‘ஐ யூஸ்ட் டு டேக் தி பஸ்’ என்றால் இப்போது பஸ்ஸில் போவதில்லை என்று அர்த்தம். இங்கே சிலர் இன்றைக்கும் தொடரும் பழக்கத்துக்கும் ‘ஐ யூஸ் டு டேக் தி பஸ்’ என்பார்கள். ரிப்போர்ட்டில் அதற்கு ‘ஐ யூஷுவலி டேக்’ என்று எழுதுங்கள். எதிர்மறையில் டிடின்ட் வந்துவிட்டதால் ‘டிடின்ட் யூஸ் டு’ என்று டி இல்லாமல் எழுதுவதுதான் நான் மேலே சொன்ன விதிக்குப் பொருந்துவது. டி போட்டு எழுதுகிற படித்தவர்களும் இருக்கிறார்கள், காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும்.